பாய்மரத் தூண்

எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலின் வரலாற்றைத் திருவிழா மலருக்கு எழுதித் தரச் சொன்னார் பங்குத் தந்தை. கட்டட வரைபடம் கீறி ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவருடைய பாட்டனார் பெயர் விடுபட்டுப் போயிருக்கும். அலுத்துவிட்டது.

கட்டடத்தைப் பற்றி மட்டும் எழுதினால் சண்டை வராது என்று நினைத்தேன். உயரமான வளைவுகள், கடற்காற்று புகுந்து போக மரச்சட்டம் அடித்த ஜன்னல்கள், இரு பக்கமும் எட்டெட்டுத் தூண்கள். அவற்றில் வாசலுக்கு வலப்புறம் நிற்கும் முதல் தூண், துறைமுகத்துக்கு வெளியே உடைந்த கப்பலொன்றின் பாய்மரத்தை நிறுத்திச் சாந்து பூசியது என்பது ஊர்க்கதை. கடல் கடந்து போனவர்களுக்காக அதைத் தொட்டு மன்றாடுவார்கள். என் மனைவியும் ஒன்பது வருடமாகச் செவ்வாய்தோறும் தொடுகிறாள். எங்கள் மகன் படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டவன். போய்ச் சேர்ந்தான் என்றும் செய்தியில்லை, சேரவில்லை என்றும் இல்லை.

போன மாதம் அந்தத் தூணில் மின்விசிறி பூட்ட வந்த வேலைக்கார பாஸ் துளை போட்டார். சிவப்புத் தூள் கொட்டியது. "கடொல் நே மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். செங்கல்தான். மரம் பேருக்குக்கூட இல்லை.

ஊரோடு ஒத்தோடு என்று பாய்மரம் என்றே எழுதியிருக்கலாம். ஆயுள் முழுக்க அளவு பிசகாமல் கோடு கீறிய கைக்கு அது வரவில்லை. 'தூண்கள் அனைத்தும் செங்கல்லால் கட்டிச் சாந்து பூசியவை' என்று எழுதிவிட்டு, தாளை மனைவியின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். அவளுடைய நம்பிக்கைக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு தூண்தான். அதையும் நானே பிடுங்குவதா என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலை தாள் அவள் கையில் இருந்தது. வாசித்து முடித்து மேசையில் வைத்தாள்.

"அது மரமில்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும். ஒருக்கா மழைக்கு ஊறிச் சாந்து கழண்டு விழேக்கை செங்கல்லுத் தெரிஞ்சது."

"பிறகேன் தொடுறீர்?"

"போற அண்டைக்கு விடியக்காலமை அவன் அதிலைதான் சாய்ஞ்சுகொண்டு நிண்டவன். கனநேரம். அப்பா வருவாரோ எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு."

படகில் போகாதே என்று முந்தைய நாள் அவனிடம் கத்திவிட்டு, அந்த நேரம் நான் வீட்டில் கண்ணை மூடாமல் படுத்துக் கிடந்தேன்.