டென்ட் கொட்டகையும் டெலிவிஷன் அறையும்

இந்த ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்படிப்பட்ட இங்கிலாந்தில், நான் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில், மீசை நரைத்த போர்ட்டர்கள் இருவர் தள்ளுவண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டுக் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். நோயாளிக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறிக் கிட்டே போனேன். அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்களில் ஆகாயத்தில் பறக்கும் வீரன் ஒருவன், முகமூடி போட்ட வீரன் ஒருவன். இருவரும் மோதினால் ஜெயிப்பது யார் என்பதுதான் வழக்கு. என்னையும் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு பேரையும் எனக்குப் பழக்கமில்லை என்றேன். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக எண்ணி, ஒருவர் என் தோளைத் தட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்கு அந்தச் சண்டை புதிதில்லை. ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. அண்ணன் சவரிமுத்து ஆரம்பப் பள்ளி வாத்தியார். எங்கள் வயலை ஒட்டி வயல் வைத்திருந்த கருப்பையா அவருடைய சிநேகிதர். இலுப்பூர் டென்ட் கொட்டகையில் படம் மாறினால் இருவரும் ஒரே சைக்கிளில் போவார்கள். வரும்போது சண்டை பிடித்துக்கொண்டு, ஒருவர் சைக்கிளிலும் ஒருவர் நடந்தும் வருவார்கள். அண்ணனுக்குக் கண்ணீர் விட்டு நடிப்பவரைத்தான் பிடிக்கும். கருப்பையாவுக்கு வாள் வீசுபவரை. மேலே ஒரு கீறல்கூட விழாதவன் என்ன மனுஷன் என்று அண்ணன் கேலி செய்தபோது, கருப்பையா நிதானமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வெளிய நம்ம ஆளு எங்கங்க வாத்தியாரே செயிக்கிறான்? தாலுகா ஆபீசுல தோக்குறான், மண்டியில தோக்குறான். படத்துலயாச்சும் செயிச்சுட்டுப் போகட்டுமே."

பிறகு ஒரு படம் வந்தது. அண்ணனுடைய நடிகர் நடித்தது. அதில் ஒரு பட்டிக்காட்டு விவசாயி பட்டணத்துக்கு வந்து, மின்விசிறியைக் கண்டு பயந்து, சோபாவின் கீழே ஒளிந்துகொள்கிறான். கொட்டகையே சிரித்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் வீட்டு வாசலில் வைத்து, எல்லாம் வேடிக்கைக்குத்தானே என்று அண்ணன் சமாதானம் சொன்னார்.

"அந்தாளு காசுக்கு நடிக்கிறான், அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்க சிரிச்சீங்க பாருங்க, அதான் ஆகல. நீங்க என்னயத் தெரிஞ்சவரு," என்றார் கருப்பையா.

அந்த வெள்ளாமை முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்து வயல். தண்ணீர் திருப்ப வேண்டுமென்றால்கூட ஆள்விட்டுச் சொன்னார்கள். அறுப்பு முடிந்த பிறகு ஒரு மாலை, அண்ணன் தானாகவே வரப்பில் போய் நின்று, "ஒன் ஆளு படம் வந்திருக்காம். வாய்யா, போயிட்டு வருவோம்," என்று கூப்பிட்டார். அந்தப் படத்துக்கு அண்ணன் விசில்கூட அடித்தாராம்.

இங்கே நர்ஸ் விடுதியில் டெலிவிஷன் பெட்டிக்கென்று ஒரு அறை உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு நகைச்சுவைத் தொடர். முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரர் ஒருவர் இந்தியராக வருவார். தலையை ஆட்டுவார், கைகூப்புவார், எந்தக் கேள்விக்கும் பொருந்தாத பதில் சொல்வார். முடிந்ததும் தேநீரோடு விவாதம் தொடங்கும். என்னோடு ஒரே வார்டில் வேலை செய்யும் ஜோன் அந்த நடிகரின் பெரிய ரசிகை. அயர்லாந்துப் பெண் பிரிஜட், தன் நாட்டாரை எல்லா நாடகத்திலும் முட்டாளாகவே காட்டுகிறார்கள் என்று அவளோடு மல்லுக்கு நிற்பாள். ஒரு வியாழன் ஜோன் என் பக்கம் திரும்பி, அவர் அச்சாக உங்கள் ஊர்க்காரர் மாதிரியே இல்லையா என்று கேட்டாள். சரி, போகட்டும் விடு என்கிற பாவனையில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். நம் ஊரில் யாருக்கும் விளங்கும் ஆட்டம்தான். நான் அந்த நடிகரைப் போல நடித்துக்காட்டுவதாக நினைத்து, அறையே கைதட்டியது. பிரிஜட் மட்டும் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருப்பையா எழுந்து போனார். போக அவருக்கு வீடும் வயலும் இருந்தன. நான் எழுந்தால் மாடியில் என் கட்டில் மட்டும்தான். அடுத்த வியாழன் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். முடிந்ததும், தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன்: இந்த மனிதரை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை, இவர் உங்கள் ஊர்க்காரர். அதெல்லாம் வேடிக்கைக்குத்தானே என்றாள் ஜோன். அண்ணன் சொன்ன அதே வார்த்தை. நீ என்னைத் தெரிந்தவள், நீ சிரிப்பதுதான் எனக்கு வலிக்கிறது என்றேன். அவள் முகம் சிவந்தது. அதன்பின் பல நாள் ஒரே படுக்கைக்கு இரு பக்கமும் நின்று விரிப்பு மாற்றினோம், பேச்சில்லாமல்.

ஒருநாள் தலையணை உறையைப் போட்டுக்கொண்டே அவளாகக் கேட்டாள்: "அப்படியானால் உங்கள் ஊரில் எதற்குத்தான் சிரிப்பீர்கள்?" ஒரே சைக்கிளில் போய் இரண்டாகத் திரும்பி வரும் சண்டைக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். என் இங்கிலீஷில் அந்தக் கதையின் சிரிப்பு செத்துப்போனது. ஜோன் சிரிக்கவில்லை. "புரியவில்லை. மறுபடி சொல்," என்றாள். வார்டு நடுவே நின்று மறுபடியும் சொன்னேன்.

போன கோடையில் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணனும் கருப்பையாவும் என்னை இலுப்பூருக்கு முதல் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். படத்தில் ஒரு வெள்ளைக்காரி வந்தாள். நம் நடிகைதான், முகத்தில் மாவாய்ப் பவுடர், செம்பட்டை டோப்பா, குதிகால் செருப்பு. சாணியில் கால் வைத்து வழுக்கி, கொச்சைத் தமிழில் அலறினாள். கொட்டகை குலுங்கியது. ஆண்கள் பக்கமிருந்து கருப்பையாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நன்றாகத்தான் நடித்தாள். வாய் திறந்தபோதே, படுக்கைக்கு அந்தப் பக்கம் நின்ற ஜோனின் சிவந்த முகம் கண்ணில் நின்றது.

ஆட்டம் விட்டதும் கருப்பையா கேட்டார். "என்னா தங்கச்சி, அந்த ஊருக்காரி அப்புடித்தான் இருப்பாளா?"

இல்லை என்றால், நான் அங்கிட்டு ஆள். ஆமாம் என்றால், அந்த வார்டில் ஜோனுக்கு எதிரே எந்த முகத்தோடு நிற்பேன்? அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தார். கருப்பையா சிரித்த முகம் மாறாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் சிரிப்போடு திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், கொட்டகை மணலில் நின்றேன்.