சுவரின் இரண்டு பக்கமும் மருந்து

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். மகள் எழுதினால் புகழ்ந்து மட்டுமே எழுதுவாள் என்று எண்ண வேண்டாம். அப்பாவின் பிடிவாதம் ஊரறிந்தது.

சாமளாபுரத்தில் நெசவுக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தாத்தா திருப்பூருக்கு வந்து ராயபுரத்தில் ஓட்டு வீடு கட்டியபோது அப்பா படிப்பை நிறுத்திவிட்டு நிட்டிங் கம்பெனியில் சேர்ந்தார். பஞ்சுத் தூசியும் இருமலும் அப்போதே ஒட்டிக்கொண்டவை. தம்பியைப் படிக்க வைத்து, அவருக்கு நூல் வியாபாரம் அமைத்துக் கொடுத்த பிறகுதான் தனக்கென்று சொந்தமாக மெஷின் போட்டார். யாருக்காவது வேலை போய்விட்டது என்று தெரிந்தால், வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அழைத்துப் போவார்.

தாத்தா காலமானபின் வீடு பாகம் பிரிந்தது. நடுவில் சுவர் எழும்பியது. சாமி அறை எங்கள் பக்கம் வந்ததில் சித்தப்பாவுக்கு வருத்தம். அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. முருகன் யார் பக்கம் இருப்பது என்பதில் தொடங்கிய வாக்குவாதம், அண்ணன் தம்பி பேச்சையே நிறுத்திவிட்டது. அந்தச் சுவரைப் பார்க்கவும் பிடிக்காமல் இருவரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். நூல் கோன் வந்த காலி அட்டைப்பெட்டிகளை ஆளுக்கொரு பக்கம் கூரை வரை அடுக்கினார்கள். கரையானுக்கு இரண்டு வீட்டிலும் விருந்து.

ஒரு மழைக்காலத்தில் அம்மா ஒரு பெட்டியை இழுத்தார். மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. பின்னால் சுவரில் மண்கோடு கிளம்பி நேரே உத்திரத்துக்கு ஏறியிருந்தது. இரண்டு வீட்டுக் கூரையையும் தாங்குவது அந்த ஓர் உத்திரம்தான். அப்பா ஆள் வைத்து, சுவரோரம் தரையில் துளை போட்டு மருந்து விட்டார், எங்கள் பக்கம் மட்டும். அடுத்த மழைக்கு மண்கோடு திரும்பி வந்தது.

"அந்தப் பக்கமும் உட்டாத்தானுங்க நிக்கும். இல்லீனா உத்திரம் தாங்காதுங்க" என்றார் மருந்து விட வந்தவர்.

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "வித்துப்போட்டு நல்லூர்ல ஊடு பாத்துக்கலாங்கப்பா" என்றேன்.

"அந்த உத்திரத்துக்கு அடியில அவன் புள்ளைங்களும் தூங்குதுங்க கண்ணு" என்றார்.

மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, விருந்தாளியைப் போலப் பக்கத்து வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் போனேன். சித்தப்பா கதவைத் திறந்து "வாங்க" என்றதோடு சரி.

"செவுத்துல கரையான். இந்தப் பக்கமும் மருந்து உடோணும்" என்றார் அப்பா, படியேறாமலே.

"எங்க பக்கம் இல்லீங்க."

"பொட்டிய நவுத்திப் பாத்தீங்களா?"

சித்தப்பா உள்ளே போனார். பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தலையெல்லாம் மண்.

"உள்ள வாங்கண்ணா. மேல வரைக்கும் ஏறியிருக்குது."

அன்று மாலை வரை இருவரும் பெட்டிகளை வெளியே அள்ளிப் போட்டார்கள். பழைய கதை எதையும் பேசவில்லை. முதலில் பெட்டி அடுக்கியது யார் என்பதில் மட்டும் கொஞ்சம் சண்டை வந்தது. இரண்டு பக்கமும் மருந்து இறங்கியது. அரித்துப்போன முனைக்கு இரும்புத் தூண் கொடுத்தார்கள். உத்திரம் நின்றது. அடுத்த கிருத்திகைக்குச் சித்தப்பா குடும்பத்தோடு எங்கள் சாமி அறைக்கு வந்தார். அப்பா கற்பூரத் தட்டை அவர் கையில் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசி இரண்டு ஆண்டுகள் அப்பாவுக்கு மூச்சு விடவே சிரமம். பொறுமையாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், மெஷினை நிறுத்தாமல் ஓட்டிய தொழிலாளர்கள், வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நன்றியில் சித்தப்பா தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அப்பா போன அன்று விடாத மழை. வாசலில் பந்தல் நிற்கவில்லை. எங்கள் பக்கத்துக் கூடத்தில் வந்தவர்களுக்கு இடம் போதவில்லை. சித்தப்பா தன் பெரிய கூடத்தைக் காலி செய்துவிட்டு வந்து, "அண்ணன் எங்க ஊட்லயே இருக்கட்டுங்க அண்ணி" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சரியென்று தலையசைத்தார்.

எங்கள் அப்பா தம்பி வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட்டார்.