சேவ் ஆகாத திருத்தம்

தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று காலை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருவர் போன் செய்தார்.

"உங்க ரிப்போர்ட்ல வலது கிட்னியில கல்லுன்னு இருக்கு. பேஷண்ட் இடது பக்கம்தான் வலிங்கிறார். ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, சீக்கிரம் சொல்லுங்க."

ரிப்போர்ட் டைப் செய்யும் அக்கா வெளுத்துப் போனார். "டாக்டர் நேத்தே போன்ல திருத்தச் சொன்னாங்க, நான் இடதுன்னு மாத்திட்டேனே! சேவ் பண்ணேனே!"

படத்தைத் திறந்து பார்த்தோம். கல் இடது பக்கம்தான். நர்ஸிடம் சொன்னோம்; இடது பக்கம் என்று மாற்றிவிட்டதாக அவர் சொன்ன பிறகுதான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

சேவ் செய்தது எங்கே போனது? எங்கள் டாக்டர் வெளியூரிலிருந்து அன்றாட ரிப்போர்ட்டுகளை ஒரே ஜிப் ஃபைலாகச் சுருக்கி அனுப்புவார். விண்டோஸ் அதைச் சாதாரண ஃபோல்டர் மாதிரியே திறந்து காட்டும். அக்கா அதற்குள்ளேயே ரிப்போர்ட்டைத் திறந்து திருத்தியிருக்கிறார். அப்படித் திறக்கும்போது விண்டோஸ் கொடுப்பது ஒரு தற்காலிக நகலை. திருத்தம் அந்த நகலில் ஏறியது. ஜிப்புக்குள் பழைய ரிப்போர்ட் அப்படியே இருந்தது. பிரிண்ட் ஆனது அதுதான்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இது ஒன்றுதானா?

தற்காலிக நகல்கள் சேரும் ஃபோல்டரைத் தேடித் திறந்தேன். அங்கே இன்னொரு ரிப்போர்ட்டும் கிடந்தது. ஸ்ரீரங்கத்து மாமி ஒருவருக்குக் காலில் எடுத்த ஸ்கேன். 'ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருக்கிறது' என்று திருத்திய நகல் இங்கே இருந்தது. மாமி கைக்குப் போனதோ 'இயல்பாக உள்ளது' என்ற ரிப்போர்ட்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "காலை அமுக்கவோ தேய்க்கவோ கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனா ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றார்.

மாமி வீட்டுப் போனை யாரும் எடுக்கவில்லை. அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் முன்னால் ஒரு டவுன் பஸ் ஊர்ந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். மாம்பழச் சாலை தாண்டி உத்தர வீதிக்குள் நுழைந்தோம்.

கதவு திறந்தே இருந்தது. மாமி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, மாமா உள்ளங்கையில் சூடான எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தேய்க்காதீங்க மாமா! தொடாதீங்க!" என்று வாசலிலிருந்தே கத்திவிட்டேன்.

மாமா கையில் எண்ணெய் வழிய விழித்தார். "என்னம்மா இது? நார்மல்னுதானே எழுதிக் குடுத்திருக்கேள்?" என்றார் மாமி.

அக்கா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னார். மாமி திட்டவே இல்லை. "பெருமாளே" என்று மட்டும் சொல்லி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை மாமியின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமி பிழைத்துக்கொண்டார். ஊசி, மாத்திரை என்று சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

மாமியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அன்று மாலையே, ஜிப் ஃபைலை ஃபோல்டர்போலத் திறக்கும் வசதியை எல்லா கம்ப்யூட்டரிலும் நிறுத்த உட்கார்ந்தேன். முதலில் வேறொரு மென்பொருளைப் போட்டேன். ஜிப்பைச் சொடுக்கினால், உள்ளிருப்பதை முழுவதும் பிரித்து வெளியே வைத்துவிடும் அது. பிறகு கறுப்புத் திரையில், விண்டோஸின் அந்த வசதியை நிறுத்தும் கட்டளையை அடித்தேன். எண்டரை அழுத்த விரல் வரவில்லை. இதை நிறுத்தப்போய் வேறு எதுவும் நின்றுவிட்டால்? நாளைக்கு வரும் ஸ்கேன்கள் திறக்காமல் போனால்? கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் எழுந்தது. எல்லாம் திறந்தது.

அக்கா மட்டும் கீபோர்டைத் தொட மறுத்தார். "இப்ப நான் சேவ் பண்ணா, நிஜமாவே சேவ் ஆகுமா?"

"ஆகும்க்கா. நீங்களே பாருங்க."

ஒரு வார்த்தை அடித்தார், சேவ் செய்தார், மூடினார், திறந்தார். வார்த்தை இருந்தது. மறுபடி மூடினார், மறுபடி திறந்தார். நான் தடுக்கவில்லை. நானும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.