எந்த நாட்டுப் பெட்ரோல்?

“ஜீரோ பாத்துக்கோங்க.” சொல்லிவிட்டுத்தான் உண்ணாமலை குழாயை வண்டியின் டாங்க்குக்குள் விடுவாள். செஞ்சியில் திருவண்ணாமலை சாலை பெட்ரோல் பங்க்கில் ஏழு வருடமாக இதே வேலை. புடவைக்கு மேல் மாட்டிய நீலச் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

இந்த ஊரில் கச்சா எண்ணெய் பற்றித் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. நூறு ரூபாய்க்குப் போடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே தெரியும். “ரஷ்யாகாரன் சல்லிசா குடுக்கறானாமே, இங்க ஏன் கொறைல?” என்று உண்ணாமலையைத்தான் கேட்பார்கள், போன வாரம் மாஸ்கோ போய்ப் பேரம் பேசிவிட்டு வந்தவளே அவள்தான் என்பது போல. அவளும் சளைக்க மாட்டாள். புல்லட்டில் வருகிறவருக்கு, “உங்களுது ரஷ்யா சார், ஜில்லுனு ஓடும்.” கோட்டை பார்க்க வந்த காருக்கு சவுதி. பக்கத்து வல்லத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையோடு வரும் டி.வி.எஸ்ஸுக்கு, “உனக்கு ஈராக்குண்ணா. நல்லா இழுக்கும்.” எல்லாம் பூமிக்கடியில் ஒரே தொட்டியிலிருந்துதானே வருகிறது என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஈராக்கை மட்டும் அவள் கிண்டலாகச் சொல்வதில்லை. கூட்ரோட்டில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் சேரன், இப்போது எண்ணெய்க் கப்பலில் சமையல்காரன். பஸ்ராவில் சரக்கு ஏற்றிக் கிளம்பும்போது, “ஹோர்முஸ் ஜலசந்திய தாண்டினதும் போன் பண்றேன்” என்றான். மறுநாளே அந்தப் பக்கம் குண்டு விழுகிறது என்றது டி.வி. ஐந்து நாளாயிற்று, போன் வரவில்லை. பங்க்கில் வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது. அது மேனேஜர் ஸ்ரீஹரியின் மேசையில் கிடந்தது. அவள் கண்ணும் அங்கேயே கிடந்தது.

விலை ஏறப்போகிறது என்று ஊரே கேனும் பாட்டிலுமாகத் திரண்டுவிட்டது. மனை விற்கும் இளவரசன் புல்லட்டில் உட்கார்ந்தபடியே உலகத்தை ஒழுங்கு செய்தார்.

“ரெண்டு கப்பல் முழுகினா இன்னா இப்ப? ரஷ்யாவுலேர்ந்தே மொத்தமா வாங்கிக்கலாம். ஃபுல் பண்ணு.”

உண்ணாமலை ஏழு வருடத்தில் முதல்முறையாக ஜீரோ கூடச் சொல்லாமல் குழாயை எடுத்தாள். அப்போதுதான் ஸ்ரீஹரி அறைக் கதவைத் திறந்து அவள் போனை உயர்த்திக் காட்டினான்.

“அக்கா! அண்ணன் கூப்புடறாரு!”

குழாயை மாட்டிவிட்டு ஓடினாள்.

“தாண்டிட்டியா? நெசமாவா? சாப்டியா?”

கப்பலுக்கே சமைத்துப் போடுகிறவனிடம் கேட்கிற கேள்விதான். சிரித்தாள், அழுதாள், சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது இளவரசன் டாங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். உண்ணாமலை அந்த மூடியைப் படக்கென்று அழுத்தி மூடினாள். பின்னால் மல்லாட்டை மூட்டையோடு நின்ற டி.வி.எஸ்ஸை முன்னே வரச் சொல்லிக் கை காட்டினாள்.