கோழி ஷெட்டில் பதினான்கு நாள்

சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனை எந்தக் கிருமியும் ஒன்றும் செய்யாது என்று விடுதி மெஸ்ஸில் தட்டோடு நின்று பிரசங்கம் செய்த மடையன் நான்தான். அதிலும் கூடுதல் மடத்தனம், நான் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனே இல்லை. பல்லடத்துக்குப் பக்கத்தில், பாலை ஊற்றினால் திரிந்துபோகிற போர் தண்ணீரில் வளர்ந்தவன். கோயம்புத்தூருக்குப் படிக்க வந்து நாலு வருஷம் விடுதிக் குழாயில் குடித்ததை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு பேச்சு.

கொரோனா வந்த வருஷத்து மார்ச் மாதம் அது. எங்களுக்குக் கடைசி வருஷம். நாலு பேர் ஆலப்புழைக்குப் போய்ப் படகு வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். திட்டம் போட்டது நான். ரயில் டிக்கெட் எடுத்தது நான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சித்தப்பாவிடம் கெஞ்சி, நாலு பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் அடித்துக்கொண்டு வந்ததும் நானே. நெஞ்சில் ஒரு படகு, படகுக்கு மேலே நாலு தலை. ஏற்றுமதியில் கழித்துப்போட்ட சரக்கில் அச்சடித்ததால் நாலும் ஏதோ வெளிநாட்டுப் பத்து வயசுப் பிள்ளைகளின் அளவு. போட்டால் தொப்புள் தெரியும். படகில் காற்றோட்டமாக இருக்கும் என்று அதையும் சமாளித்து வைத்திருந்தேன்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது கல்லூரிக்கு லீவு விட்டு, விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கேரளாவில் நோய் பரவுவதாக டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஊரில் இருப்பவனுக்கெல்லாம் அது எச்சரிக்கையாகத் தெரிந்தது. எனக்கு வசதியாகத் தெரிந்தது. லீவும் கிடைத்துவிட்டது, டிக்கெட்டும் கையில் இருக்கிறது.

அன்று மத்தியானம் எங்கள் அறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். என் அறைத்தோழன் சோமனூர்க்காரன். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் என்பதால் அவன் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து அறைக்குக் கேட்கும். அன்றைக்கு மெல்லப் பேசினான்.

"மாப்ள, உங்கக்கா இப்ப ஊட்டுலதான இருக்காங்க?"

"ஆமா. பிரசவத்துக்கு வந்திருக்குது. ஒம்பது மாசம்."

"ஆலப்புழையில இருந்து திரும்பி நீ எங்க போவ?"

"எங்கூட்டுக்குத்தான். உங்கூட்டுக்கா வருவேன்?"

சிங்காநல்லூரிலிருந்து தினமும் வந்து போகிறவன் ஒருவன் எங்கள் கூட்டத்தில் உண்டு. "அங்கெல்லாம் நெறையப் பேத்துக்கு வந்திருக்குதாமா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நாம தண்ணிக்கு மேலதானடா இருக்கப் போறோம். கிருமி என்ன நீச்சலடிச்சா வரும்?"

நாலாமவன் மட்டும் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். சிரிப்பு போதவில்லை என்று பட்டதால், என் வாழ்க்கையின் அடுத்த பெரிய மடத்தனத்தைச் செய்தேன். எங்கம்மாவே போகச் சொல்வார் பாருங்கள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது கறிக்கோழிப் பண்ணை. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், நாங்கள் வளர்த்துக் கொடுப்போம். நாங்கள் என்பது ஒரு பேச்சுக்கு. வளர்ப்பது அம்மா. ஷெட் வாசலில் ஒரு சிமென்ட் தொட்டி, அதில் ஊதா நிற மருந்துத் தண்ணீர். யாராக இருந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேறு பண்ணைக்குப் போய் வந்தவர் மூன்று நாளைக்கு ஷெட் பக்கமே வரக் கூடாது. ஒரு செருப்பில் ஒட்டிவந்த சீக்கு ஒரு ஷெட்டையே கொண்டுபோய்விடும் என்பது அம்மா கண்ணால் பார்த்த விஷயம். சின்ன வயசிலிருந்தே தொட்டிக்குக் காவல் நான். ஒறம்பரை என்று சொந்தக்காரர் யார் வந்தாலும் "கால நனைங்க" என்று அதட்டுவதில் அப்படி ஒரு சுகம். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் ஆசையாகக் கோழிகளைப் பார்க்கக் கேட்டபோது, புது வெள்ளை ஷூவோடு அவரைத் தொட்டியில் இறக்கிவிட்டேன். அவர்தான் இப்போது என் மச்சான். ஷூ மட்டும் மறுபடி வெள்ளையாகவில்லை.

"அம்மா, ஆலப்புழைக்கு ரெண்டு நாள் போய்ட்டு வாரனுங்க."

"செரி கண்ணு."

நான் மூன்று பேரையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றார் அம்மா. "வேற பண்ணைக்குப் போய்ட்டு வந்தவன் எத்தன நாள் கழிச்சு நம்ம ஷெட்டுக்குள்ள வரலாம்?"

வாய்ப்பாடு மாதிரி உடனே சொன்னேன். "மூணு நாளுங்க."

"அது கோழிக்கு. அக்காளுக்கு எத்தன நாளு?"

உயர்த்திய புருவத்தை இறக்கிக்கொண்டேன்.

"போறதுன்னா போ கண்ணு. நா வேண்டாங்கல" என்று சொல்லிவிட்டு அம்மா வைத்துவிட்டார்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணீரலாம்டா" என்றேன். மூன்று பேரும் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"நா பையே எடுத்து வெக்கல" என்றான் சோமனூர்க்காரன்.

"எங்கூட்டுல நா இன்னும் சொல்லவே இல்ல" என்றான் சிங்காநல்லூர்க்காரன்.

"அடப்பாவிகளா, முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ பனியனெல்லாம் அடிச்சுட்டு வந்துட்ட. மனசு சங்கடப்படுமேன்னுதான்" என்றான் சோமனூர்க்காரன்.

இதுதான் எங்கள் ஊர். ஒருத்தன் முகம் வாடிவிடுமே என்று நோய் பிடிக்கவும் டிக்கெட்டோடு தயாராக இருப்பார்கள்.

மறுநாள் சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். இந்த ஒரு பயணத்துக்காவது ஆகட்டும் என்று மஞ்சள் பனியனைப் போட்டிருந்தேன். அக்காவுக்காக ஆலப்புழையையே துறந்த தியாகி நான். வீட்டில் என்ன செய்து வைத்திருப்பார்கள், பணியாரமா, கோழிக் குழம்பா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அம்மா வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு நின்றார். வீட்டு வாசப்படியில் ஒரு பிளாஸ்டிக் பேசின், அதில் அதே ஊதாத் தண்ணீர்.

"அங்கியே நில்லு."

"அம்மா, நா ஆலப்புழைக்கே போகலீங்க."

"ஹாஸ்டல்ல எத்தன பேரு?"

"எரநூறு இருக்குமுங்க."

"பஸ்ஸுல?"

"நின்னுட்டெல்லாம் வந்தாங்க."

"ஷெட்டு காலியாத்தான் கெடக்குது" என்றார்.

கோழி தின்றால் நோய் வரும் என்று வதந்தி கிளம்பி அப்போது கறி விற்கவில்லை. கம்பெனி குஞ்சு இறக்காததால், கழுவிச் சுண்ணாம்பு அடித்த ஷெட் சும்மா இருந்தது. ஒரு கோடியில் தீவன ரூம். அதில் கட்டில் போட்டு, போர்வையும் சொம்பும் வைத்திருந்தார். நான் பஸ் ஏறுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அந்தப் பருவத்துக்கு எங்கள் பண்ணையில் இறக்கிய ஒரே உருப்படி நான்.

சில நாளில் நாடே அடைபட்டது. எனக்கு முன் அனுபவம் இருந்தது. அம்மா தீவன டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்க் கூப்பிடுவார். பொழுதோட, வெயில் தாழ்ந்ததும், அக்கா வாசலில் நடக்கும்போது என்னைப் பார்க்க வரும். "இந்தக் கோழி தீவனம் ஒழுங்கா எடுக்குதாம்மா?" என்று கேட்கும். "எட கூடியிருக்குது" என்பார் அம்மா.

ஆறாம் நாள் எனக்குத் தொண்டை கரகரத்தது.

சுண்ணாம்புத் தூசி என்று இப்போது தெரியும். அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. நேற்று அக்கா எவ்வளவு பக்கத்தில் நின்றது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அன்று பொழுதோட அக்கா வந்தபோது, "நீ அந்தப் பக்கமா நடக்கா" என்றேன்.

"ஏன்டா?"

"சும்மாதான்."

அக்கா ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு நாளில் தொண்டை சரியானது. என் பயம் தெளிய இன்னும் இரண்டு நாள் ஆனது.

பத்தாம் நாள் காலையில் அக்காவைப் பல்லடம் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனார்கள். பதிமூன்றாம் நாள் ஒரு துணி மூட்டையோடு திரும்பி வந்தார்கள். அக்கா எட்டத்திலேயே நின்று, மூட்டைக்குள்ளிருந்து சுண்டைக்காய் அளவு ஒரு கையை எடுத்து எனக்கு ஆட்டியது. "மாமனப் பாத்துக்க அம்மணி. கோழி ஷெட்டுல இருக்கறான்."

பதினைந்தாம் நாள் விடிந்ததும் குளித்து, துவைத்து வைத்திருந்த மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, பதினாலு நாள் முடிஞ்சுதுங்க. காச்சல் இல்ல, இருமல் இல்ல. சொன்னதெல்லாம் கேட்டுட்டனுங்க. இப்பவாச்சும் மாமன் உள்ள வரலாமுங்களா?"

அம்மா என் பனியனையும் தொப்புளையும் ஒருமுறை பார்த்தார்.

"கால நனைச்சுட்டு வா."