டயர் வாங்கப் புறப்பட்ட வீடு

கனடாவில், கல்கரியில் பதினான்கு வருடம் இருந்ததில் எனக்கு ஒரு விநோதப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நிற்கிற வண்டி எதுவானாலும் குனிந்து டயரின் வயதைப் படித்துவிடுவேன். பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். இந்த முறை விடுப்பில் வந்ததும் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கேரவனைச் சுற்றிச் சுற்றிக் குனிந்தேன். ஏதோ தொலைத்துவிட்டேன் என்று எதிர்வீட்டுக்காரரும் வந்து கூடத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கேரவன் அண்ணன் அந்தோணி வாங்கியது. படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்க ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டி, ஒரு பஸ் நீளம், உள்ளே கட்டில், கழிவறை, ஏசி எல்லாம் உண்டு. அம்மாவுக்கு முட்டி மடங்காது, பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார வராது. அடுத்த மாதம் அம்மாவைப் படுக்கவைத்தே வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. நான் படித்த எண்களின்படி அந்த டயர்களுக்கு ஒன்பது வயது.

"பட்டன் எல்லாம் சோக்கா கீது பாரு. இத்தப் போயி தூக்கிப் போடச் சொல்ற," என்றான் அண்ணன், டயரின் மேடுகளைத் தடவிக்கொண்டே.

நானும் முதலில் இப்படித்தான் பேசினேன். வாரக் கடைசியில் மலைப்பக்கம் போக நாங்கள் கல்கரியில் இதே மாதிரி ஒரு பழைய மோட்டர்ஹோம் வாங்கியிருந்தோம். ஆறு டயரையும் மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டி, கைப்பையில் கிடந்த ஒரு ரூபாய் நாணயத்தைப் பட்டன் இடுக்கில் சொருகி, எவ்வளவு ஆழம் பாருங்கள் என்றேன். அவர் அதை உருவித் துடைத்து, சிங்கத்தை ரசித்து, நன்றி சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்பளிப்பு என்று நினைத்துவிட்டார் மனிதர். பிறகு டயரின் பக்கவாட்டில் ஓடிய மயிரிழை வெடிப்புகளைக் காட்டினார். லாரி டயர் ஓடித் தேயும், இந்த மாதிரி வண்டியின் டயர் நின்றபடியே கெட்டுப்போகும் என்றார். அம்பத்தூரில் நான் பார்த்ததெல்லாம் தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடியும் ஓட்டுவதைத்தான். வயதாகிவிட்டது என்று டயரைக் கழிப்பது பணக்கார நாட்டுக் கொழுப்பு என்றே நினைத்திருந்தேன்.

கேரவன் டயரிலும் இருந்த அதே வெடிப்புகளை அண்ணனுக்குக் காட்டினேன். நகத்தால் கீறிப் பார்த்தவன், உள்ளே படுத்திருக்கப்போவது அம்மா என்பது உறைத்ததோ என்னவோ, வாதத்தை நிறுத்திக்கொண்டான்.

மண்ணூர்பேட்டையில் டயர் கடைக்காரர் ஒரே அளவில் மூன்று விதம் உருட்டிக் காட்டினார். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ தாங்கும் என்று அதனதன் மேலேயே எழுதியிருந்தது. "உங்க வண்டி எவ்ளோ வெயிட்டுணா?" என்று அவர் கேட்டபோது அண்ணன் என்னைப் பார்த்தான். கட்டிலும் ஏசியும் ஜெனரேட்டரும் ஏற்றிய பிறகு அந்த வண்டியை யாரும் எடை போட்டதில்லை.

மறுநாள் காலை, எடை போடுவதற்காக, பயணத்தன்று இருக்கப்போவது போலவே தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அரிசி மூட்டை, குக்கர், பாய், தலையணை எல்லாம் ஏற்றி, அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "மாதா கோயிலுக்கு இப்பவே கெளம்பிட்டீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "டயர் வாங்கப் போறோம்," என்றாள் அண்ணி. அவர் வண்டிக்குள் இருந்த குக்கரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் லாரிகளை எடை போடும் மேடையில் வண்டியை ஏற்றினோம். மேடைக்காரர் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார். "இன்னா லோடு?"

"வீடு," என்றேன்.

புரியாமல் அண்ணனைப் பார்த்தார். "செரி, எல்லாரும் எறங்குங்க. ஆளு இருந்தா எட தப்பா வரும்."

நம் ஊரில் வழக்கம் அதுதான். எடை சரக்குக்கு, மனிதர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். நான் விடவில்லை. "இதுல ஆளுங்கதான் லோடு. ஊருக்கு யார் யார் போறாங்களோ அவங்க உள்ள இருந்தாத்தான் எடை சரியா வரும்," என்று கல்கரியில் கற்றதையெல்லாம் விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அண்ணனும் தலையாட்டினான்.

பிறகு சாதாரணமாகத்தான் சொன்னான். "அப்ப நீ எறங்கு. நீ வியாயக்கெயமையே ஃப்ளைட் ஏறிடுவ இல்ல."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, நான் போட்ட சட்டம்தான். ஆனாலும் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் யாரும் என்னை இவ்வளவு சரியாகக் கழித்ததில்லை. படியிறங்கினேன்.

எடை காட்டிய எண் அசையவில்லை. மேடை வண்டியைவிட அகலம். இறங்கியும் நான் அதே இரும்புத் தகட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"மேடம், மேடைய உட்டு எறங்குங்க. உங்க எடயும் சேருது."

கேரவனின் ஜன்னல் கண்ணாடி நகர்ந்தது. "அவ அங்கயே நிக்கட்டும். நீ எழுதுப்பா," என்றாள் அம்மா.

மேடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என் பக்கம் திரும்பாமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னான். "எழுது நைனா."

சீட்டு அச்சாகி வரும்வரை, வண்டிக்குள்ளும் ஏறாமல், தரையிலும் கால் வைக்காமல், அசையாமல் நின்றேன்.