குளிரறைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு தைலப் புட்டி

வியாழக்கிழமை காலை 6.40. ஜொகூர் பாருவை அடுத்த உலு திராமில் அலுவலக வேன் திரும்பியதும் முன்விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு கை. அதில் பச்சைத் தைலப் புட்டி. அதற்குப் பிறகுதான் என் அக்கா ராஜம் தெரிந்தாள். தோளில் துணிப்பை, கையிடுக்கில் கஞ்சி பிளாஸ்க்.

"திரும்புடி" என்றாள். வேன் பெரிய சாலையைத் தொடுவதற்குள் என் கழுத்தெல்லாம் தைலம். ஓட்டுநர் சுரேஷ் கண்ணாடியை இறக்கினார்.

"அலமாக், அக்கா! வேன் முழுக்க ஆஸ்பத்திரி வாசம் லா."

"நீங்க ரோட்டைப் பாருங்க தம்பி. இவ நெஞ்சுக்கு நான் பொறுப்பு."

மீன் கிடங்குகளின் குளிரறைகளில் வெப்பநிலை சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. போன மாதம் நிமோனியா வந்து மருத்துவமனையில் கிடந்ததால் மெர்சிங் கிடங்கின் சோதனை இரண்டு முறை தள்ளிப் போயிருந்தது. மூன்றாவது முறை தள்ள அலுவலகம் சம்மதிக்கவில்லை, அனுப்ப வேறு ஆளும் இல்லை. சனிக்கிழமையோ எங்கள் இருவருக்கும் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம். நோய் வருமுன்னே பதிவு செய்தது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தே ஓய்வு பெற்ற அக்காவுக்கு முதல் கப்பல்.

ஜொகூர் பாருவில் மருத்துவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: கப்பலுக்குப் போகலாம், குளிரறைக்குள் கால் வைக்கக் கூடாது. இருமல் திரும்பினால் கப்பல் முனையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கப்பலுக்கு அக்காவை மட்டும் போகச் சொல்லிப் பார்த்தேன். "நீ இல்லாம நான் கப்பல்ல போய் என்ன செய்ய? மீன் புடிக்கவா?" என்றாள். ஆகவே என்னைக் காவல் காக்க மெர்சிங்குக்கு அவளும் வந்தாள்.

உலு திராமிலிருந்து மெர்சிங் ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். கோத்தா திங்கி தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். நடுநடுவே யானை குறுக்கிடும் என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகைகள். ஒவ்வொரு பலகைக்கும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். யானை வரவில்லை. ஜெமாலுவாங் கடையில் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், இரண்டு வெள்ளி. எனக்குக் கொடுக்கவிடாமல் பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள்.

மெர்சிங், 9.10. ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. தீவுக்குப் போகிறவர்கள் படகுத் துறையில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நீர்மட்டம் ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள். கிடங்கு அங்கிருந்து நடக்கிற தூரம். அதன் முதலாளி லிம் கதவருகே தடித்த குளிர் அங்கியை நீட்டினார். நான் கையை நீட்டுமுன் அக்கா வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"ஆண்ட்டியா உள்ளே போறாங்க?" என்று மலாயில் கேட்டார் லிம்.

"நான் சொல்றதை இவ எழுதுவா" என்று அக்காவும் மலாயிலேயே சொன்னாள். அவர் ஓர் ஆளைத் துணைக்கு அனுப்பினார். நான் வெளியே நின்றேன்.

உள்ளிருந்து குரல் வந்தது: "பதினெட்டு!"

லிம்மின் முகம் மாறியது. பதினெட்டு என்றால் உள்ளே இருக்கும் மீன் அத்தனையும் குப்பைக்கு.

"அக்கா, சரியா பாரு! மைனஸ் இருக்கா?"

"ஐஸ் ரூம்ல பின்ன என்ன, பிளஸ்ஸா இருக்கும்? அதை வேற தனியா சொல்லணுமாக்கும்!"

லிம் சுவரில் சாய்ந்து சிரித்தார். அடுத்த இரண்டு அறைகளிலும் அக்கா ஒவ்வொரு எண்ணுக்கு முன்னும் "மைனஸ்" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். வெளியே வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது. எனக்கு ஓர் இருமல்கூட வரவில்லை.

திரும்பும் வழியில், கோத்தா திங்கிக்கு முன்பாக, அக்கா தும்மினாள். மறுபடி தும்மினாள். சுரேஷ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தூசி" என்றாள் அக்கா. பிறகு தைலத்தைத் திறந்து, முதல் முறையாகத் தன் கழுத்தில் தடவிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் வழக்கமான நெரிசல். கப்பலில் குளிர்சாதனம் அதிகம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா சுவெட்டர் மேல் சுவெட்டர் போட்டிருந்தாள். சிங்கப்பூர் முனையத்தில் சோதனை மேசைக்கு நாங்கள் போய்ச் சேருமுன்பே எங்கள் வாசம் போய்ச் சேர்ந்துவிட்டது. மேசையில் இருந்த மலாய்ப் பெண் நிமிர்ந்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன்.

"இவளுக்குத்தான் வியாதி இருந்துச்சு. அது போயிருச்சு, வாசம்தான் மிச்சம்" என்று அக்கா மலாயில் விளக்கினாள்.

அந்தப் பெண் சிரித்தபடியே உடல் வெப்பம் அளக்கும் கருவியை நீட்டினார். எனக்கு 36.6. அக்காவுக்கு 37.8. சிரிப்பு நின்றது. அக்காவை ஓரத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் போகலாம் என்றார்.

"நீ போ" என்றாள் அக்கா. "நான் பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயிருவேன். நீதான் ஆஸ்பத்திரியில கெடந்தவ, உனக்குத்தான் காத்து வேணும்."

"நீ இல்லாம நான் போய் என்ன செய்ய? மீன் புடிக்கவா?"

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் நெற்றியோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கழட்டுக்கா."

"எதுக்கு? குளிரும்."

"சுவெட்டர் ரெண்டையும் கழட்டு."

கழற்றினாள். பையிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்து மலாய்ப் பெண் தானே எழுந்து வந்து மறுபடி அளந்தார். இருமல் உண்டா, தொண்டை வலியா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. 36.9. போகலாம் என்று கைகாட்டினார்.

"மைனஸா பிளஸ்ஸா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு, அவர்கள் மனம் மாறுவதற்குள் என்று இருவரும் வேகமாக நடந்தோம்.

கப்பல் மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டது. மேல்தளத்தில் காற்று பலமாக வீசியது. இரண்டு சுவெட்டர்களும் முனையத்து நாற்காலியில் இருந்தன.